சொல்லிக்கொண்டு கிளம்பியவள்

சாவு வீட்டில் போய் ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லுவாளா ஒருத்தி? உலகம்மாள் சொல்லிவிட்டாள். அதுவும் யார் வீட்டில், கூடப்பிறந்த அக்கா வீட்டில், அத்தானை எரித்துவிட்டு வந்தவர்களின் தலை ஈரம் காய்வதற்குள். சொன்னது போன வாரம், தென்காசியில். இன்றைக்கு மத்தியானம் சென்னையில் ஏசி போட்ட அலுவலகத்தில், கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும்போதும் அந்தச் சொல் இப்போதுதான் வாயைவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. எட்டிப் பிடித்துவிடலாம் போல இருக்கிறது. பிடிக்க முடியாது. சொல் என்ன கொடியில் காயும் துணியா, காற்றில் பறந்தால் பக்கத்து வீட்டில் போய் எடுத்து வர? அவளுக்கு ஒன்றும் இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பூனை குறுக்கே போனால் பூனைக்கு ஏதோ வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு நடக்கிறவள். ராகு காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். அப்படிப்பட்டவள்தான் இப்போது ஒரு சொல்லுக்குப் பயப்படுகிறாள். மேசை மேல் போன் கவிழ்ந்து கிடக்கிறது. அதை நிமிர்த்திப் பார்க்கத் தைரியமில்லாமல் திரையையே பார்க்கிறாள்.

திரையில் இருப்பது இணைப்புகளின் வரிசை. ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் பார்சல் கம்பெனி இது. கவுண்டரில் இருக்கிற ஒவ்வொரு கம்ப்யூட்டரும் இங்கே இருக்கிற சர்வரோடு பேசித்தான் ரசீது போட முடியும். அந்தப் பேச்சு வழியெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது உலகம்மாளின் பிழைப்பு. கம்ப்யூட்டர்கள் மனிதர்களைவிட மரியாதை தெரிந்தவை. எடுத்த எடுப்பில் விஷயத்தைக் கொட்டுவதில்லை. முதலில் வாசலில் நின்று ‘வரலாமா’ என்று ஒரு குரல். உள்ளேயிருந்து ‘வாங்க, நானும் பேசலாமில்லையா’ என்று ஒரு பதில். ‘பேசலாம்’ என்று மறுபதில். இந்த மூன்றும் ஆன பிறகுதான் பேச்சு. முடிக்கும்போது இன்னும் ஒன்று கூடுதல். ‘என் பங்கு முடிந்தது, கிளம்புகிறேன்’ என்று ஒரு பக்கம் சொல்லும், எதிர்ப்பக்கம் ‘சரி’ என்னும். பிறகு எதிர்ப்பக்கம் தன் பங்குக்கு ‘நானும் முடித்துக்கொண்டேன்’ என்னும், இது ‘சரி’ என்னும். திறக்க மூன்று, மூட நான்கு. ஏனென்றால் ஒருத்தர் சொல்லி முடித்தாலும் மற்றவருக்குச் சொல்ல பாக்கி இருக்கலாம், அதுவரைக்கும் காதை மூடக் கூடாது. சொன்னதற்குச் ‘சரி’ வராவிட்டால் விட்டுவிடவும் செய்யாது, கொஞ்சம் பொறுத்து அதையே மறுபடி சொல்லும். அப்புறம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பொறுத்து மறுபடி. இடைவெளி ஒவ்வொரு தடவையும் நீளும். இன்றைக்கு என்ன கோளாறு என்றால், கிளைகள் ‘கிளம்புகிறேன்’ என்று சொல்லிவிட்டன, சர்வர் ‘சரி’ என்றும் சொல்லிவிட்டது, ஆனால் தன் பங்குச் சொல்லைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. போனவர்கள் போய்விட்டார்கள், அவர்களுக்கான நாற்காலிகள் மட்டும் போட்டபடி கிடக்கின்றன. திரையில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் குளோஸ் வெயிட், குளோஸ் வெயிட் என்று, மூடக் காத்திருப்பதாக, எழுதியிருக்கிறது. நாற்காலி நிறைந்துவிட்டதால் புதிதாக வருகிறவர்களுக்கு இடமில்லை. புரோகிராமை நிறுத்தித் திரும்ப ஓடவிட்டால் எல்லாம் அறுந்து இடம் காலியாகிவிடும். அதற்கான கட்டளையை அவள் அடித்தும் வைத்துவிட்டாள். என்டரைத் தட்ட வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துத்தான் அக்கா மகள் வேணியிடமிருந்து செய்தி வந்தது.

சித்தி, அம்மாவுக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுதாம், வேர்த்து ஊத்துது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். அவ்வளவுதான். உடனே கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று யாரோ ஒருத்தி கொஞ்சம்கூடக் கவலையில்லாமல் சொன்னாள். அக்கா போனுக்குப் போட்டாள், மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி வேணிக்கு. எல்லைக்கு வெளியே. எந்த எல்லை, யார் போட்ட எல்லை. ஆஸ்பத்திரிச் சுவர் கனமாக இருக்கும், டவர் கிடைக்காது, அவ்வளவுதான் என்று அவளுக்குள் இருக்கிற இன்ஜினியர் சொன்னாள். வாரேன்னு சொன்னேல்லா, அதான் வந்துட்டு என்று அவளுக்குள் இருக்கிற தென்காசிக்காரி சொன்னாள். நெஞ்சு. அத்தானுக்கும் நெஞ்சுதான். குத்தாலிங்கம் அத்தான் ஹார்டுவேர் கடைக்குப் போகிற வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டாண்டும் போட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து போய்விட்டார். ஸ்டாண்டு போட்டுவிட்டுச் செத்த மனிதர். எதையும் முறையாகச் செய்துதான் பழக்கம். அந்தச் செய்தி உலகம்மாளுக்கு அத்தானின் போனிலிருந்தே வந்தது. திரையில் அத்தான் என்று பெயர் தெரிய, சொல்லுங்கத்தான் என்று சிரித்துக்கொண்டே எடுத்தாள், யாரோ ஒரு ஆண்குரல் இந்த போன் வச்சிருந்தவருக்கு நீங்க என்ன வேணும் என்று கேட்டது. அதிலிருந்து வீட்டு ஆட்களின் பெயர் திரையில் தெரிந்தாலே அவள் எடுக்க யோசிக்கிறாள். பேசப்போவது அவர்கள்தான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? என்டர் மேல் வைத்த விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அக்கா இருக்கிறாளா இல்லையா என்று தெரியாத நேரத்தில் எதையும் அறுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

இதைவைத்து அவள் சிரித்திருக்கிறாள், அதுதான் கொடுமை. அத்தான் நன்றாக இருந்த நாளில், புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாடம் எடுக்கும்போது பலகையில் இரண்டு பெட்டி வரைந்து, இதெல்லாம் யாரோ வெளிநாட்டுக்காரன் கண்டுபிடிச்சதுன்னு நினைக்காதீங்க, எங்க ஊரு வாசல்ல வந்து பாருங்க என்று ஆரம்பித்தாள். போறேன்னு சொல்ல மாட்டோம், வாரேன்னுதான் சொல்லுவோம். எதிர்ல இருக்கிறவங்க போயிட்டு வாங்கன்னு சொல்லாம படி இறங்க மாட்டோம். ஆள் போன கையோட வீட்டைப் பெருக்க விடமாட்டாங்க எங்கம்மா, போய்ச் சேர்ந்த தகவல் வரணும், அதுவரைக்கும் விளக்குமாறைத் தொடக்கூடாது. நம்ம கம்ப்யூட்டரும் பேச்சு முடிஞ்ச வாசலை உடனே வேற ஆளுக்குக் குடுக்காம கொஞ்ச நேரம் சும்மா வச்சிருக்கும், வழியில சுத்திட்டு இருக்கிற கடைசிச் சொல் ஏதாவது வந்து தொலைச்சிரக் கூடாதேன்னு. ஒரே ஒரு இடத்துலதான் சொல்லாமக் கொள்ளாம எந்திரிச்சுப் போறது முறை, அது சாவு வீடு. அதுக்குப் பேரு ரீசெட். வகுப்பு முழுக்கச் சிரித்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிரிட்டோ, இந்தப் புரோகிராமை எழுதின புண்ணியவான், மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அவளுக்கும் பெருமையாக இருந்தது. சாவு வீட்டை எடுத்துக்காட்டுக்கு இழுத்தபோது வாயைப் பொத்தி ஒரு அறை விட ஆளில்லை. இப்போது அந்தச் சிரிப்புச் சத்தம் காதுக்குள் கேட்கிறது. சொல்லத் தெரிந்தவள், படம் போட்டு விளக்கத் தெரிந்தவள், தன் முறை வந்தபோது கோட்டை விட்டாள்.

என்னதான் நடந்தது? நூறு தரம் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. வாசலில் ஆட்டோ நிற்கிறது. ரயிலுக்கு நேரமாகிறது. பந்தலுக்குக் கீழே இருந்த ஆண்கள் ஒவ்வொருத்தராகத் துண்டை உதறி எழுந்து, ஒரு வார்த்தை இல்லாமல், திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்குகிறார்கள். அவளும் அப்படித்தான் போக வேண்டும் என்று தெரியும். உள்ளறையில் பீரோவுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து அக்கா உட்கார்ந்திருந்தாள். செண்பகம் அக்கா, எந்தக் கல்யாண வீட்டிலும் அடுக்களையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு அதட்டுகிறவள், பல் தேய்க்காத முகத்தோடு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை அழுத்திப் பிடித்துவிட்டுப் பேசாமல் வந்துவிட வேண்டும் என்று நினைத்துத்தான் குனிந்தாள். கையைத் தொட்டாள். கை சில்லென்று இருந்தது. வாய் முந்திக்கொண்டது. அக்கா, போயிட்டு வாரேன். சொன்ன மறுகணம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த அறையில் வேறு யாரும் இல்லை, யார் காதிலும் விழவில்லை, அத்தோடு போயிருந்தால் அது வழிதவறிப் போன ஒரு சொல். சாமியே என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறந்திருப்பாள். ஆனால் அக்கா தலையை நிமிர்த்தினாள். அந்தக் கண்ணை அவளால் மறக்க முடியவில்லை. அவளையே பார்த்து, சரிட்டி, போயிட்டு வா என்றாள்.

அங்கேதான் எண்ணம் போய்ப் போய் முட்டுகிறது. ஒரு பக்கம் மட்டும் சொன்னால் அது ஒன்றுமில்லை. எதிர்ப்பக்கம் பதில் சொன்னால்தான் கதவு திறந்தது என்று கணக்கு. அக்கா பதில் சொல்லிவிட்டாள். இது தனக்கும் பழக்கம்தானே, அக்காவுக்கும் பழக்கம்தானே, வாய்தானே என்று ஆயிரம் சமாதானம் சொல்லலாம். சாவு வீட்டில் வாரேன் என்று சொன்னால் சொன்ன ஆள் மட்டும் வருவதில்லை, மறுபடியும் அப்படி ஒரு காரியத்துக்குத்தான் வர வேண்டியதாகும் என்று சின்ன வயதில் காதில் போட்டு வைத்திருக்கிறார்களே, அதை எந்த இன்ஜினியரிங் காலேஜ் கழுவி விட்டது? அதனால்தான் பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூட வரமுடியாது, லீவு கிடைக்கவில்லை என்று வேணியிடம் பொய் சொன்னாள். போகாமல் இருந்துவிட்டால் சொன்ன சொல் நிறைவேறாது. நிறைவேறாத சொல் நாளடைவில் செத்துப் போகும். என்ன ஒரு புத்திசாலித்தனம். அக்காவுக்கு ஆகாது என்று பயந்து அக்காவிடமே போகாமல் இருப்பது. புருஷனிடம்கூடச் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார், சிரித்துவிட்டு அவரும் ரகசியமாகப் பயப்படுவார். இப்போது அவள் போகாமலேயே அது வந்துவிட்டதோ? அவளுக்காகக் காத்திருக்காமல், அவள் திறந்துவைத்த வாசல் வழியாக? கூடாது. அக்கா போய்விடக் கூடாது. வேறு எதையும் அவள் கேட்கவில்லை. அம்மாவுக்கு அப்புறம் அவளை ஏட்டி என்று கூப்பிட அக்காவைவிட்டால் யாரும் இல்லை.

“என்னங்க உலகம்மா, இன்னும் ரீஸ்டார்ட் பண்ணலையா? சேலத்துல கஸ்டமர் கவுண்டரைத் தட்டிட்டு நிக்கிறாங்களாம்.” பிரிட்டோ தடுப்புக்கு மேலே தலையை நீட்டினான். பண்றேன் பிரிட்டோ, ஒரு அஞ்சு நிமிஷம் என்றாள். “என்டர்தானே, நான் வந்து தட்டட்டுமா?” வேண்டாம் என்று அவள் சொன்ன சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிரிட்டோ முகத்தில் ஈயாடவில்லை, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பாவம், அவனைப் போய்க் கத்தி என்ன. திரையில் வரிகள் கூடிக்கொண்டே போகின்றன. ஓசூர் கிளம்பிவிட்டது, நாற்காலி கிடக்கிறது. ஆம்பூர் கிளம்பிவிட்டது, நாற்காலி கிடக்கிறது. தென்காசிக் கிளையும் அதில் இருக்கிறது. அந்த வரியை மட்டும் பார்க்காமல் தாண்டிப் போகக் கண்ணைப் பழக்கியிருக்கிறாள். நம்பர் நம்பராகத்தான் இருக்கும், ஊர்ப்பெயர் இருக்காது, ஆனால் எந்த நம்பர் எந்த ஊர் என்று அவளுக்கு மனப்பாடம். போன் அதிர்ந்தது. கவிழ்ந்து கிடந்தபடியே மேசையில் நகர்ந்து நகர்ந்து தண்ணீர் பாட்டிலில் முட்டியது. நிமிர்த்தினாள். செண்பகக்கா என்று இருந்தது. வேணி இல்லை, செண்பகக்கா. அக்கா போனிலிருந்து அக்காதான் பேசுவாளா? நீங்க என்ன வேணும் என்று வேறு குரல் கேட்டால் என்ன சொல்வது? தங்கச்சி என்று சொல்ல வேண்டும். நான்தான் சொல்லிவிட்டு வந்தவள் என்று சொல்ல வேண்டும். எடுத்துக் காதில் வைத்தாள்.

“ஏட்டி. லைன்ல இருக்கியா?”

அக்கா குரல்தான். உலகம்மாளுக்குக் கண் நிரம்பிக்கொண்டது. எழுந்து ஜன்னல் பக்கம் போனாள்.

“என்னக்கா செய்யுது?”

“ஒண்ணுமில்லட்டி. ஈசிஜி எடுத்தாக, நல்லாத்தான் இருக்காம். ஒழுங்கா திங்காம, ஒறங்காமக் கெடந்ததுல படபடன்னு வந்துட்டாம். இந்தப் புள்ள உன்னையும் போட்டுப் பயங்காட்டிட்டா.” அப்புறம் கேட்டாள். “பதினாறுக்கு லீவு இல்லேன்னியாமே.”

“லீவு இருக்குக்கா.”

“பொறவு?”

“அன்னைக்குக் கெளம்பையில வாரேன்னு சொல்லிட்டேன்லாக்கா. சொல்லக் கூடாத எடத்துல.”

அந்தப் பக்கம் ஏதோ ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தம் கேட்டது. அது போன பிறகு அக்கா மெதுவாகச் சொன்னாள்.

“தெரியும்ட்டி. தெரிஞ்சேதான் பதில் சொன்னேன்.”

“ஏங்க்கா?”

“கடைசியா கடைக்குக் கெளம்புன அன்னைக்குக் காலையில உங்கத்தான் வாசல்ல நின்னு, செண்பகம், வாரேன்னு சொன்னாக. மிக்ஸி ஓடிட்டு இருந்துச்சு. காதுல விழத்தாம் செஞ்சிச்சு. சட்னி அரைஞ்சிரட்டும்னு நான் வாயத் தெறக்கல. மறுபடியும் சொன்னாக. பதில் வாங்காம வண்டிய எடுக்க மாட்டாகல்லா, உனக்குத்தான் தெரியுமே. நான் மிக்ஸிய அமத்துகதுக்குள்ள வண்டிச் சத்தம் தெருவத் தாண்டிட்டு. அன்னைக்கு என்ன அவசரமோ.” மூச்சு வாங்கினாள். “அதுலேருந்து வாசல்ல அவுக சொல்லிட்டே இருக்காகட்டி. செண்பகம், வாரேன். செண்பகம், வாரேன். மொத நாளு ஓயாமக் கேட்டுச்சு. பொறவு விட்டு விட்டு. இப்ப எப்பவாச்சும் ஒருக்கதாம் கேக்கு.”

ஜன்னல் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள் உலகம்மாள். பதில் வராத சொல் எப்படித் திரும்பத் திரும்ப வரும், எப்படி இடைவெளி நீண்டுகொண்டே போகும் என்று அவள் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கடைசியில் ஒருநாள் நின்றுவிடும் என்பதும் அவளுக்குத் தெரியும். அதை அக்காவிடம் சொல்லவில்லை.

“வந்த சனம் பூராவும் ஒண்ணும் சொல்லாம எந்திச்சுப் போச்சு. அதாம் மொற, அவுகளத் தப்பு சொல்லப்படாது. ஒவ்வொரு முதுகாப் பாத்துட்டே உக்காந்திருந்தேன். நீ ஒருத்திதாம் வாரேன்னு சொன்ன. இதுக்காவது பதில் சொல்லிருவோம்னு சொல்லிட்டேன். அதப் புடிச்சிக்கிட்டுத்தாம்ட்டி இந்த வீட்டுக்குள்ள உக்காந்திருக்கேன். நீ என்னன்னா லீவு இல்லேன்னுட்ட.”

எதைக் கண்டு இத்தனை நாள் பயந்து ஓடினாளோ, அதைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். உலகம்மாளுக்கு அழுகையை அடக்க முடியவில்லை, அடக்கவும் இல்லை. அலுவலகம் பார்த்தால் பார்க்கட்டும்.

“அத்தானுக்கு இன்னும் பதில் சொல்லலையாக்கா?”

“என்னன்னு சொல்ல? போயிட்டு வாங்கன்னு சொன்னா வந்துருவாகளோன்னு பயமா இருக்கு. சொல்லாட்டா வாசல்லயே நிக்காகளேன்னு இருக்கு.”

“சரின்னு மட்டும் சொல்லுக்கா. போங்கன்னும் வேண்டாம், வாங்கன்னும் வேண்டாம். காதுல விழுந்துச்சுன்னு அவுகளுக்குத் தெரிஞ்சாப் போதும், அவுக கெளம்பிருவாக.”



“ஒத்தையில என்னால சொல்ல முடியாதுட்டி. நீ பக்கத்துல இருந்தாச் சொல்லிருவேன். வருவியா?”

“வாரேன்க்கா.”

“சரி. வா.”

வச்சிரட்டுமா என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. அந்தப் பக்கம் வேணி மாத்திரைச் சீட்டோடு வந்து அம்மாவைக் கூப்பிடுவதும், அக்கா எழுந்திருக்க முனகுவதும், யார் காலிலோ இடித்து நாற்காலி நகர்வதும் கேட்டது. அப்புறம் தானாகவே அறுந்தது. டவர்தான். ஆஸ்பத்திரிச் சுவர் கனம். உலகம்மாள் இருக்கைக்குத் திரும்பி வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு என்டரைத் தட்டினாள். வரிகள் எல்லாம் மடமடவென்று விழுந்து திரை சுத்தமாயிற்று. ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றும் இல்லை. பிறகு முதல் ஆளாகச் சேலம் வந்து வரலாமா என்றது, வா என்றது சர்வர். பின்னாலேயே ஆம்பூர், ஓசூர். தென்காசியும் வந்தது, இந்தத் தடவை அந்த வரியைத் தாண்டாமல் பார்த்தாள். பயம் போய்விட்டதா என்றால், இல்லை. அக்கா அந்த வாசலைப் பார்த்துச் சரி என்று சொல்லும்போது பக்கத்தில் நிற்க வேண்டுமே, அப்போது வாசலில் யாராவது இருந்தால்? யாருமே இல்லாவிட்டால்? இரண்டில் எது மோசம் என்று அவளுக்குத் தெரியவில்லை. பயத்தோடுதான் போக வேண்டும். லீவு எழுதிப் போட்டாள், தென்காசி ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாள், பையை மாட்டிக்கொண்டாள். கண்ணாடிக் கதவு வரைக்கும் போய் நின்று, போயிட்டு வாரேன் பிரிட்டோ என்றாள். அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எதையோ தட்டிக்கொண்டிருந்தான், நிமிரவில்லை. கதவைத் திறந்து பிடித்தபடி அங்கேயே நின்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி சொன்னாள். பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்து, எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி உரக்கச் சொன்னாள். பிரிட்டோ பதறிப்போய் ஹெட்போனைக் கழற்றினான்.

“சரிங்க, சரிங்க. போயிட்டு வாங்க.”

அப்புறம்தான் அவளுக்குக் கால் நகர்ந்தது.